15,000 ரூபாய்க்குள் டென்ட், படுக்கை, பை: சைக்கிளுக்கும் மலைநடைக்கும் சேர்த்து எதை வாங்குவது?

கேள்வி இதுதான்: கியர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை போக வேண்டும். அதே சாமான்களை வைத்துக்கொண்டு கொடைக்கானல் பக்கம் ஓரிரு இரவு தங்கி நடக்கவும், பிறகு என்றாவது இமயமலைக்குப் போகவும் ஆசை. கையில் 15,000 ரூபாய். எதை வாங்குவது, எதை விடுவது?

எடை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே வந்துவிடும். கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் புல்வெளியில் டென்ட் அடிப்பதில்லை. பெட்ரோல் பங்க் ஓரம், கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, கல்யாண மண்டபத் திண்ணை என்று ஏதாவது ஓரிடத்தில், கேட்டு அனுமதி வாங்கிப் படுப்பார்கள். அதாவது சிமென்ட் தரை. அங்கே முளை அடிக்க முடியாது. தலைக்கு மேல் கூரை இருப்பதால் மழை பெரிய பிரச்சினை இல்லை. கொசுதான் பிரச்சினை. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 800 கிராம் டென்ட் வாங்கினால் என்ன ஆகும்? அந்த வகை டென்ட்டுகளில் பல, மலையேறும் கைத்தடியை நடுவில் ஊன்றி, நான்கு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். சிமென்ட் தரையில் அது வெறும் துணி.

கடற்கரை மணலில் படுக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். விளக்கும் ஆள் நடமாட்டமும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. மலையிலும் இதே கதைதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். வனத்துறை 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் பெரும்பாலும் ஒரே நாளில் போய்த் திரும்புபவை, வழிகாட்டியும் உடன் வருவார். அவற்றுக்கு டென்ட்டே வேண்டாம். கொடைக்கானலில் இரவு தங்குவதென்றால் அனுமதியுள்ள தனியார் முகாம் இடத்தில்தான்.

ஆகவே நீங்கள் வாங்கப் போவது சமவெளியில் கொசுவலையாகவும் மலையில் மழைக்கூரையாகவும் பயன்படுகிற ஒரு டென்ட், இரண்டு அடுக்காகப் பிரிகிற படுக்கை, சைக்கிளில் அவற்றைத் தாங்குகிற கேரியர். மற்றதெல்லாம் பிறகு.

எடை எங்கே முக்கியம், எங்கே இல்லை

சைக்கிள்காரர்கள் எடையைப் பற்றிக் கவலைப்படுவது பெரும்பாலும் தேவைக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் 70 கிலோ, சைக்கிள் 14, சாமான் 11, மொத்தம் 95 கிலோ. 2.4 கிலோ டென்ட்டுக்குப் பதிலாக 1.6 கிலோ டென்ட் வாங்கினால் மிச்சம் 800 கிராம். மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஆறு மணி நேரம் மிதித்து ஏறுகிறவருக்கு இதனால் மிச்சமாவது மூன்று நிமிடம். சமதரையில் அதுவும் தெரியாது, அங்கே உங்கள் எதிரி காற்றுதான்.

நடக்கும்போது கதை வேறு. அதே 800 கிராம் தோளிலும் முழங்காலிலும் இறங்குகிறது, இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தெரியும். எனவே வருடத்தில் பத்து நாள் சைக்கிள், இரண்டு நாள் மலை என்பவர் விலை குறைந்த, உறுதியான, கொஞ்சம் கனமான சாமானை வாங்கலாம். கணக்கு நேர்மாறாக இருந்தால்தான் எடைக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

எதில் காசு போடுவது என்று தெரிய, நூறு கிராம் குறைக்க எத்தனை ரூபாய் ஆகிறது என்று ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன டென்ட் மாற்றத்துக்குக் கூடுதலாக 6,000 ரூபாய் என்றால், நூறு கிராமுக்கு 750 ரூபாய். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலை விட்டுவிட்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டால் 150 கிராமுக்கு மேல் குறையும், செலவு 20 ரூபாய். டைட்டானியம் குவளை வாங்கினால் நாற்பது ஐம்பது கிராம் குறைவதற்கு ஆயிரத்துக்கு மேல் போகும், பாத்திரக்கடை அலுமினியக் குவளையே போதும். அடுப்பையும் பாத்திரத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டால் அரை கிலோவுக்கு மேல் குறையும், செலவே இல்லை. ஐந்து கிலோ வரை அளக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை முதலில் வாங்குங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் எடையில் முளைகளும் பையும் சேர்வதில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

டென்ட்

தானாக நிற்கிற, உள் டென்ட்டும் ரெயின் ஃப்ளை எனப்படும் மழைக்கான வெளி அடுக்கும் தனித்தனியாகக் கழற்றக்கூடிய இரட்டை அடுக்கு டென்ட்டையே வாங்குங்கள். உள் டென்ட்டின் மேல்பாதி வலையாக இருக்க வேண்டும். சமவெளியில் ரெயின் ஃப்ளையைப் பையிலேயே வைத்துவிட்டு உள் டென்ட்டை மட்டும் நிறுத்தினால் அதுதான் கொசுவலை, காற்றும் வரும். சில மலிவு மாடல்களில் ரெயின் ஃப்ளையைப் போடாமல் டென்ட்டை நிறுத்தவே முடியாது, கம்புகள் வெளி அடுக்கோடு சேர்ந்திருக்கும். நாகப்பட்டினத்தில் ஜனவரியில்கூட அதற்குள் புழுங்கிவிடும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

டெக்கத்லானின் குவெச்சுவா எம்.எச்.100 இரண்டு பேர் டென்ட் இந்த வேலைக்குப் போதும். சுமார் இரண்டரை கிலோ, விலை நான்கு ஐந்து ஆயிரத்துக்குள் இருக்கும். ஆயிரம் முன்னே பின்னே ஆகலாம். ஒன்றரை இரண்டு கிலோவுக்குள் வேண்டுமானால் சீன நிறுவனமான நேச்சர்ஹைக்கின் கிளவுட் அப் வகை இருக்கிறது. ஆனால் 2020 நவம்பரில் சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு சீன டென்ட்டுகளை நேரடியாக வரவழைக்கும் வழி அடைபட்டது, இங்குள்ள விற்பனையாளர்கள் வைத்ததே விலை. உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். இப்போதைக்கு வேண்டாம்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய் டென்ட்டும் ஆன்லைனில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கும். படத்தில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உச்சியில் தொப்பி மாதிரி சின்னதாக ஒரு துணி, கீழே ஒற்றை அடுக்குச் சுவர். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் படிந்து, விடியற்காலையில் போர்வை நனைந்திருக்கும். ஒழுகுகிறது என்று திட்டுவார்கள், உண்மையில் ஒழுகியிருக்காது. கம்பு மெல்லிய ஃபைபர்கிளாஸ். அது முறியும்போது சிலும்பாகப் பிளந்து, கையில் குத்துவதோடு துணியையும் கிழிக்கும்.

துணியைப் பற்றி இரண்டு எண்கள் போதும். ரெயின் ஃப்ளைக்கு நீர் தாங்கு அளவு (எத்தனை மி.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது) 1,500 மி.மீ.க்குக் குறையாமல், தரைக்கு 3,000 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். தரைக்கு ஏன் அதிகம் என்றால், ஈர மண்ணில் முழங்காலை ஊன்றும்போது அந்தப் புள்ளியில் அழுத்தம் பல மடங்காகும். 20 டி, 40 டி, 75 டி என்பதெல்லாம் நூலின் தடிமன். எண் கூடினால் எடையும் கூடும், உழைப்பும் கூடும். முரட்டுக் கையாளலுக்கு 20 டி தாங்காது என்றில்லை, ஆனால் சீமைக் கருவேல முள் கிடக்கும் தரையில் அதை விரிக்க மனம் வராது. “இரண்டு பேர்” என்று போட்டிருந்தால் ஒரு ஆளும் அவருடைய பைகளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 180 செ.மீ. என்றால் உள்ளே 210 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் சுவரில் பட்டு ஈரமாகும்.

வாங்கி வந்த அன்றே மொட்டை மாடியில் நிறுத்திப் பாருங்கள். முதலில் இருட்டில் ரெயின் ஃப்ளைக்குள் டார்ச் அடித்து, வெளியே நின்று ஊசித்துளைகளைத் தேடுங்கள். பிறகு தோட்டத்துக் குழாயை இருபது நிமிடம் மேலே பீய்ச்சுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து, சொட்டுகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளட்டும். ஒழுகினால் பெரும்பாலும் தையலில்தான் ஒழுகும். தையல் மேல் ஒட்டிய டேப் உரிந்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். சிலிக்கான் பூசிய துணி என்றால் டேப் ஒட்டாது, வாங்கியவர்தான் பூச வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற நூறு சதவீத சிலிக்கான் பசையில் ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு மினரல் டர்பன்டைன் கலந்து, தையல் மேல் தூரிகையால் தேய்த்து ஒரு நாள் காயவிட வேண்டும். பி.யு. (பாலியூரித்தேன்) பூசிய துணிக்கு இது ஒட்டாது, சில நாளில் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். உங்கள் டென்ட் எந்த வகை என்று முதலில் லேபிளில் பார்த்துவிட்டுப் பசையை வாங்குங்கள்.

டென்ட்டுக்கு அடியில் போடத் தனியாக விற்கும் விரிப்பை வாங்காதீர்கள். பலரும் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போடுகிறார்கள். இலவசம்தான், ஆனால் ஒரு சதுர மீட்டரே 300 கிராம் பக்கம் வரும். 2.1 × 1.3 மீட்டர் துண்டு 800 கிராமைத் தாண்டிவிடும், எடை குறைந்த டென்ட் வாங்கி மிச்சப்படுத்துவதெல்லாம் அதிலேயே போய்விடும். அதே அளவு 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) தார்ப்பாய் 250 கிராம்தான். எதை விரித்தாலும் டென்ட் தரையைவிட நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. சிறியதாக வெட்டுங்கள். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரெயின் ஃப்ளையிலிருந்து வழியும் தண்ணீர் அதில் விழுந்து, விரிப்புக்கும் டென்ட்டின் தரைக்கும் நடுவே குளமாக நிற்கும். தரை ஓட்டை என்று டென்ட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான்.

இழுத்துக் கட்டும் கயிறு காசிமேடு மாதிரி துறைமுகங்களில் மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறு பத்து மீட்டர் போதும். மணலில் முளை நிற்காது. சின்னத் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி அரை அடி ஆழத்தில் புதைத்தால் பிடிக்கும். சிமென்ட் தரையில் நான்கு மூலையிலும் தண்ணீர் பாட்டில், செங்கல், சாய்த்துப் போட்ட சைக்கிள் என்று கிடைத்ததில் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் போனால் இதற்கெல்லாம் வேலை குறைவு.

கம்பு முறிந்தால் ஒட்டுப்போட ஒரு அலுமினியக் குழாய்த் துண்டு பையில் இருக்கட்டும். பத்து செ.மீ. நீளம் இருந்தால் போதும். கம்பு 8.5 மி.மீ. என்றால் குழாயின் உள்விட்டம் 9 மி.மீ. இருக்க வேண்டும். சரியாக 8.5 என்றால் வளைந்து பிளந்த கம்பின் மேல் ஏறாது. முறிந்த இடத்தின் மேல் தள்ளி இரண்டு முனையிலும் டேப் சுற்றினால் ஊர் வந்து சேரலாம்.

படுக்கை

தரையில் போடும் மேட்களில் காற்று ஊதும் வகை சுகம், ஆனால் உங்கள் பாதைக்குப் பொருந்தாது. ராமநாதபுரம், தூத்துக்குடி முழுக்கச் சீமைக் கருவேல முள். டயரையே துளைக்கிறது, மேட் எம்மாத்திரம். பகல் வெயிலில் ஊதியபடியே விட்டால் உள்ளே காற்று விரிந்து அறைகளுக்கு இடையிலான ஒட்டு விட்டுப்போகும், மேட் ஒரு பக்கம் பலூனாக உப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய முடியாது. முட்டை அட்டை மாதிரி மடிக்கும் ஃபோம் மேட், அல்லது 10 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பாலிதீன் ஃபோம்) சுருள் போதும். 300 முதல் 450 கிராம், ஆயிரத்துக்குள் முடியும். முள் குத்தினாலும் அது மேட்தான். டீக்கடை வாசலில் உட்காரவும் ஆகும். இடம் அடைக்கிறதே என்றால், சைக்கிளில் கேரியர் மேல் கட்டலாம், நடக்கும்போது பைக்கு வெளியே கட்டலாம்.

குளிரைத் தடுப்பதில் மேட்டின் அளவு ஆர் மதிப்பு. ஃபோம் மேட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு. உள்ளே பஞ்சு இல்லாத, வெறும் காற்று மட்டுமே உள்ள மேட் அதைவிடக் குறைவு, பார்க்கத்தான் தடிமன். கொடைக்கானலுக்கு இரண்டு போதும், பனி மேல் படுக்கப் போதாது.

சமவெளிக்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். ராத்திரி 22, 23 டிகிரியில் அதற்குள் யாரும் தூங்க முடியாது. ஒரு நாலு முழ வேட்டி போதும். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது, மெல்லியது. அதை நீளவாக்கில் மடித்து, அடியிலும் பக்கவாட்டில் முக்கால் பங்கும் தைத்துவிட்டால் உறை மாதிரி ஆகிவிடும். கொசு புகாது. மலைக்குப் போகும்போது அதே உறை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போகும், வியர்வையும் அழுக்கும் பேக்கில் படாது.

மலைக்கு 10 டிகிரி சிந்தெட்டிக் பேக் ஒன்று, சுமார் ஒரு கிலோ, இரண்டாயிரத்துக்குள். இங்கே எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒரு பேக்கில் மூன்று வெப்பநிலை சொல்வார்கள்: வசதியாகத் தூங்கும் அளவு, தாங்கும் எல்லை, உயிர் பிழைக்கும் எல்லை. ஆன்லைனில் சில விற்பனையாளர்கள் மூன்றாவதைப் பெரிய எழுத்தில் போட்டு “மைனஸ் 5” என்பார்கள். அது வசதியாகத் தூங்கும் அளவில் 8, 10 டிகிரியாக இருக்கும். முதல் எண்ணை மட்டுமே பாருங்கள், அது எழுதியில்லை என்றால் வாங்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். உறை, தலைக்குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் சேர்ந்தால் அந்தப் பேக்கில் சமாளிக்கலாம். ஊட்டியின் உறைபனி நாட்களுக்கு இது போதாது.

வாத்து இறகு பேக் எடை பாதிதான். ஆனால் விலை மூன்று நான்கு மடங்கு, நம் கடற்கரை ஈரத்தில் இறகு கட்டிகட்டியாகிச் சூடு போய்விடும். இமயமலைக்குப் போகும் நாளில் மணாலியிலோ டேராடூனிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு வாரம் பயன்படும் பொருளை மீதி 51 வாரம் வீட்டில் பாதுகாக்க வேண்டாம்.

கேரியரும் பையும்

சைக்கிள் பயணம் பாதியில் நிற்பது டென்ட்டால் அல்ல, கேரியரால். சீட் போஸ்ட்டில் மட்டும் மாட்டும் கேரியர் வேண்டாம். அது ஒன்பது பத்து கிலோவுக்கு மேல் தாங்காது, பக்கவாட்டில் ஆடும். பின் அச்சுப் பக்கம் ஃபிரேமில் போல்ட் போடும் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 25 கிலோ தாங்கும் கேரியரை அதில் மாட்டலாம். டிஸ்க் பிரேக் என்றால் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு இடம் விட்டு வளைந்த கால் கொண்டதாக இருக்க வேண்டும். வாஷர்களை அடுக்கி இடைவெளி உண்டாக்கினால் போல்ட் வளைந்து முறியும், முறிந்த முனை துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அலுமினியமா இரும்பா என்றால், இந்தப் பயணத்துக்கு நான் இரும்புக் கட்சி. முந்நூறு நானூறு கிராம் கூடும். ஆனால் உடைந்தால் வேதாரண்யத்திலோ சாயல்குடியிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். அலுமினியத்தை ஒட்டுகிறவரைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டும். எம்5 போல்ட்டுகள் அதிர்வில் தளர்ந்துகொண்டே இருக்கும். நைலான் வைத்த நட் போடுங்கள், தினமும் மாலையில் ஆலன் கீயால் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், மாற்று போல்ட் இரண்டு கையில் இருக்கட்டும்.

கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பேன்னியர் பை ஜோடி 2,500 ரூபாய் அளவில் கிடைக்கும். மாட்டியதும் பெடலைச் சுற்றிக் குதிகால் பையில் இடிக்கிறதா பாருங்கள். இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும், கொக்கி நகராத பை என்றால் மாற்றிவிடுங்கள். “வாட்டர்ப்ரூஃப்” என்ற சொல்லை இந்த விலையில் நம்ப வேண்டாம். யூரியா மூட்டைக்குள் இருக்கும் தடித்த பாலிதீன் உறையைக் கழுவிக் காயவைத்து உள்ளே போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டு இறங்காது. கனமானவை அடியில், இரண்டு பக்கமும் ஒரே எடை. கேரியருக்கு மேலே கட்டக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். கொக்கி தெறித்து ஸ்போக்குக்குள் போனால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பஞ்சர் கடையில் பழைய டியூபை நீளவாக்கில் கீறி வாங்கிக்கொள்ளுங்கள். பால்காரரும் இளநீர்க்காரரும் காலம்காலமாகக் கட்டுவது அதில்தான், அதைவிட நல்ல கட்டு கிடையாது.

பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால் பின்சக்கரத்தின் வலப்பக்க, அதாவது கியர் பக்க ஸ்போக்குகள்தான் முதலில் போகும். கிளம்பும் முன் நல்ல மெக்கானிக்கிடம் பின்சக்கரக் கோட்டம் எடுத்து, இழுவையைச் சமன் செய்யச் சொல்லுங்கள். அதே நீளத்தில் மாற்று ஸ்போக் மூன்றை ஃபிரேம் கம்பியில் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டு, பம்ப், டயர் லீவர் கட்டாயம். முள்ளைப் பிடுங்க ஒரு சின்ன இடுக்கியும் வேண்டும். டயருக்குள் முறிந்து நிற்கும் கருவேல முனை கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு உருண்டையால் உட்பக்கம் தடவினால் பஞ்சு சிக்குகிற இடம்தான் முள். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் போகும்.

முதுகுப்பையைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வாங்கினால் 60 லிட்டர் வாங்குவீர்கள், பிறகு அதை நிரப்பவே சாமான் சேரும். மற்றதெல்லாம் வந்த பிறகு அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி அளந்தால் 40, 45 லிட்டரே போதும் என்று தெரியும். ஓரிரு இரவுக்கு வீட்டில் இருக்கும் 30 லிட்டர் காலேஜ் பையோடு மேட்டை வெளியே கட்டிச் சமாளிக்கலாம். வாங்கும் நாளில் எட்டு கிலோ போட்டு மாட்டி, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து பாரத்தின் பெரும்பகுதியை அங்கே இறக்க வேண்டும். பாரம் தோளிலேயே தொங்கினால் முதுகு நீளம் பொருந்தவில்லை என்று அர்த்தம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அதை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மட்டும் ஓட்டாதீர்கள்.

அடுப்பு, தண்ணீர், மழை

அடுப்பு வேண்டாம். சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை உள்ள சாலையில் எதற்குச் சமையல்? கேஸ் கேனிஸ்டரை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. போன ஊரில் திருகு வகைக் கேனிஸ்டர் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஸ்பிரிட் அடுப்புக்கான மெதிலேட்டட் ஸ்பிரிட் தமிழ்நாட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, சும்மா கடையில் போய் வாங்க முடியாது. காட்டில் எந்த நெருப்பும் கூடாது. பிறகு என்றாவது வாங்கினால், 25 கிராம் எடையுள்ள பி.ஆர்.எஸ். கேஸ் அடுப்பு மலிவாகக் கிடைக்கும். முழுத் தீயில், காற்றடிக்கும் இடத்தில், பெரிய பாத்திரம் வைத்தால் அதன் கைகள் சூட்டில் வளைந்து பாத்திரம் சரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீருக்கு சாயர் நிறுவனத்தது மாதிரி 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. மனித நடமாட்டமுள்ள நம் நீர்நிலைகளுக்கு அது மட்டும் போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது மலிவு, எடையும் இல்லை. கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் வேட்டியில் வடிகட்டிவிட்டுப் போடுங்கள், சேற்றிலேயே குளோரின் வீணாகிவிடும்.

மழைக்கு ஜாக்கெட். தலைவழியாகப் போர்த்தும் போஞ்சோ நடக்க நல்லது, பையையும் சேர்த்து மூடும். சைக்கிளில் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், நுனி சக்கரத்தில் சிக்கும்.

பட்ஜெட் இப்படி வரும்: டென்ட் 4,500, மேட் 800, உறைக்கும் தையலுக்கும் 300, ஸ்லீப்பிங் பேக் 2,000, கேரியர் 1,500, பேன்னியர் 2,500, மழை ஜாக்கெட் 1,500, தலைவிளக்கு 600, டியூப், பம்ப், கருவிகள் 1,200. மொத்தம் 14,900. படுக்கையும் டென்ட்டும் சேர்ந்து நான்கு கிலோ. கடற்கரைப் பயணத்தில் ஸ்லீப்பிங் பேக்கை வீட்டில் வைத்தால் மூன்று. அதை மலைப் பயணம் முடிவாகும் வரை வாங்காமலே இருந்தால் 2,000 ரூபாய் மிச்சம், நல்ல முள் தாங்கும் டயருக்கு அதைப் போடலாம். என்னைக் கேட்டால் அதுதான் சரியான செலவு.

பழைய டென்ட் யாராவது விற்றால் பாதி விலைக்கு வாங்கலாம், ஆனால் நேரில் பார்க்காமல் வேண்டாம். மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். வாந்தி மாதிரிப் புளித்த வாடை வந்தாலோ, உட்பக்கத் துணி விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ பி.யு. பூச்சு ஈரத்தில் சிதைந்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை. ஜிப் மூடிய பிறகும் பின்னால் பிளந்தால் தேய்ந்தது பெரும்பாலும் ஸ்லைடர்தான். இடுக்கியால் இரு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் சில மாதம் ஓடும், அதைக் காட்டி விலையில் ஐநூறு குறைக்கக் கேளுங்கள். உங்கள் புது டென்ட்டும் அந்த வாடைக்கு வரக்கூடாது என்றால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நிழலில் முழுக்கக் காயவைத்து, அதன் இறுக்கமான பையில் திணிக்காமல் ஒரு பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, எலி எட்டாத பீரோவில் வையுங்கள். பரணில் வேண்டாம், கோடையில் அங்கே சூடும் மழைக்காலத்தில் ஓதமும் அதிகம்.